தரவரிசைக்குள் வராத சிங்கப்பூர்

உலகில் எந்த நகரத்தில் வாழ அதிகச் செலவாகும் என்று பட்டியல் போடும் நிறுவனங்களில் முக்கியமானது, லண்டனிலிருந்து இயங்கும் ‘எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட்’ (இஐயு). 2023 நவம்பரில் அது வெளியிட்ட பட்டியலில் சிங்கப்பூர், சூரிச்சுடன் சேர்ந்து முதலிடத்தில் இருந்தது. பதினோரு ஆண்டுகளில் ஒன்பதாவது முறையாகச் சிங்கப்பூருக்கு அந்த இடம் கிடைத்தது. இதே நிறுவனம், வாழத் தகுந்த நகரங்கள் எவை என்று இன்னொரு பட்டியலையும் ஆண்டுதோறும் தருகிறது. 173 நகரங்களை ஆராயும் அந்தப் பட்டியலில் 2025ஆம் ஆண்டு கோபன்ஹேகன் முதலிடம் பெற்றது. வியன்னாவும் சூரிச்சும் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டன. ஆசியாவிலிருந்து முதல் பத்துக்குள் வந்தது ஒசாகா மட்டும். சிங்கப்பூர் அந்தப் பத்தில் இல்லை.

இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துப் படிப்பவர் என்ன நினைப்பார்? உலகிலேயே அதிக விலை கொடுத்தும் அந்த ஊரில் முதல்தர வாழ்க்கை கிடைக்கவில்லை என்றுதான் நினைப்பார். இந்த முடிவு தவறானது. செலவுப் பட்டியல், சிங்கப்பூர்க் குடிமக்களின் வாழ்க்கையை உண்மையில் இருப்பதைவிடக் கடினமானதாகக் காட்டுகிறது. வாழ்தகுதிப் பட்டியலோ, அந்நகரைக் கட்டி எழுப்பி, பெருக்கித் துடைத்து, அதன் பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் வாழ்க்கையை அறவே காட்டுவதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் பிழைக்கப் போன ஊர் அது. தமிழ் அங்கே நான்கு அதிகாரபூர்வ மொழிகளுள் ஒன்று. இன்றும் தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து இளைஞர்கள் விமானம் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். இந்த இரண்டு பிழைகளையும் புரிந்துகொள்ள வேண்டியவர்களில் நாம் முன்வரிசையில் இருக்கிறோம்.

பட்டியல் யாருக்காக?

இஐயுவின் செலவுப் பட்டியல், இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்கள், சேவைகளின் விலைகளைத் திரட்டுகிறது. நியூயார்க்கின் விலைகளை நூறு என்று வைத்துக்கொண்டு மற்ற நகரங்களை அதனுடன் ஒப்பிடுகிறது. பன்னாட்டு நிறுவனங்கள் தம் அதிகாரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது எவ்வளவு படி கொடுக்க வேண்டும் என்று கணக்கிடுவதற்காக உருவான ஏற்பாடு இது. 2024இல் ஹாங்காங்குக்கு அடுத்த இடத்தில் சிங்கப்பூரை வைத்த மெர்சர் நிறுவனத்தின் பட்டியலும் இதே தேவைக்காகத்தான் தயாராகிறது. பெரும் செல்வந்தர்களின் வாழ்க்கைச் செலவை அளக்கும் ஜூலியஸ் பேர் வங்கியின் அறிக்கை 2023, 2024, 2025 என மூன்று ஆண்டுகளும் சிங்கப்பூருக்கே முதலிடம் தந்தது. அந்த அறிக்கை பார்க்கும் பொருள்களில் உயர்ரகக் கைக்கடிகாரமும் விமானத்தின் பிசினஸ் வகுப்புப் பயணச்சீட்டும் இருக்கின்றன.

2014ஆம் ஆண்டு இஐயு முதன்முறையாகச் சிங்கப்பூரை உச்சியில் வைத்தபோது, அப்போதைய துணைப் பிரதமரும் நிதியமைச்சருமான தர்மன் சண்முகரத்னம் நாடாளுமன்றத்தில் இதற்கு விளக்கம் அளித்தார். இறக்குமதிப் பாலாடைக்கட்டி, உயர்ரக மாட்டிறைச்சி, விலையுயர்ந்த மழைக்கோட்டு, நாடக அரங்கில் நான்கு சிறந்த இருக்கைகள், உயர்தர உணவகத்தில் நால்வருக்கு இரவு விருந்து ஆகியவையெல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்திருப்பதை அவர் எடுத்துச் சொன்னார். அங்கே ஒரு பேருந்து ஓட்டுநரின் குடும்பம் மாதச் செலவுக்குப் போடும் பட்டியலில் இவற்றில் ஒன்றுகூட இருக்காது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆசியப் போட்டித்திறன் ஆய்வுக் கழகம் 109 நகரங்களை இரண்டு விதமாக அளந்து பார்த்த ஆய்வையும் அவர் சுட்டிக்காட்டினார். வெளிநாட்டிலிருந்து பணியமர்த்தப்படும் அதிகாரிகளின் செலவை வைத்துப் பார்த்தால் சிங்கப்பூர் ஐந்தாவது இடம். உள்ளூர்க் குடும்பங்களின் செலவை வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ அறுபதாவது இடம். ஒரே ஊர், ஒரே காலம். யாருடைய செலவைக் கணக்கெடுக்கிறோம் என்பதை மாற்றியதும் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் கீழே இறங்கிவிடுகிறது.

நாணயமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. விலைகளை அமெரிக்க டாலருக்கு மாற்றித்தான் நகரங்களை ஒப்பிடுகிறார்கள். சிங்கப்பூர் நாணய வாரியம் 1981 முதல் வட்டி விகிதத்தைக் கருவியாகக் கொள்ளாமல், நாணய மாற்று மதிப்பை நிர்வகித்தே விலைவாசியைக் கட்டுப்படுத்தி வருகிறது. உணவில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது பொருத்தமான வழி. நாணயம் வலுவாக இருந்தால் தாய்லாந்து அரிசியும் ஆஸ்திரேலிய ஆட்டிறைச்சியும் உள்ளூர்க்காரருக்கு மலிவாகக் கிடைக்கும். ஆனால், டாலரில் சம்பளம் வாங்குபவருக்கோ அதே வலுவான நாணயத்தால் எல்லாமே விலையேறியதாகத் தெரியும். குடிமக்களைக் காக்கும் ஒரு கொள்கையே, பட்டியலில் அந்த நகரத்தின் குறையாகப் பதிவாகிறது.

வாழ்தகுதிப் பட்டியலின் பிறப்பும் இப்படித்தான். நிலைத்தன்மை, மருத்துவம், பண்பாடும் சூழலும், கல்வி, உள்கட்டமைப்பு என ஐந்து பிரிவுகளில் அது மதிப்பெண் போடுகிறது. எண்பதுக்கு மேல் பெறும் நகரத்துக்கு அனுப்பப்படும் அதிகாரிக்குக் கூடுதல் படி தேவையில்லை. ஐம்பதும் அதற்குக் கீழும் பெற்றால் சம்பளத்தில் இருபது விழுக்காடு கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது அதன் பரிந்துரை. வெப்பமும் ஈரப்பதமும் மதிப்பெண்ணைக் குறைக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் எதுவாக இருந்தாலும் இதில் பின்தங்கித்தான் ஆக வேண்டும். தணிக்கை, சமூகக் கட்டுப்பாடுகள் ஆகியவையும் கணக்கில் வருகின்றன, அது நியாயம்தான். ஆனால், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவு இந்தக் கணக்கில் இடம்பெறுவதே இல்லை. நல்ல வீடு அந்த ஊரில் கிடைக்குமா என்று கேட்கும் பட்டியல், அங்கே வேலை செய்பவரால் அதில் குடியேற முடியுமா என்று கேட்பதில்லை.

ஏற்றி வைத்த விலை, இறக்கி வைத்த விலை

சிங்கப்பூரில் சில விலைகள் தாமாக ஏறவில்லை. அரசு திட்டமிட்டு ஏற்றி வைத்திருக்கிறது. கார் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கே கார் வாங்க விரும்புபவர், முதலில் ‘வாகன உரிமைச் சான்றிதழ்’ ஒன்றை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990இல் தொடங்கிய இந்த முறையில், சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்கே செல்லும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 1,50,000 வெள்ளியைத் தொட்டது. வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். இது காரின் விலை அன்று, கார் வைத்துக்கொள்ளும் உரிமையின் விலை. 2018 பிப்ரவரியிலிருந்து தனியார் கார்களின் எண்ணிக்கையில் வளர்ச்சியே கூடாது என்று அரசு வரம்பு கட்டியிருக்கிறது. உலகிலேயே போக்குவரத்துச் செலவு அதிகமுள்ள நகரம் சிங்கப்பூர் என்று இஐயு சொல்வதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

ஆனால், அதே ஊரில் எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக அட்டையில் மூன்று வெள்ளிகூடக் கழியாது. கட்டணம் தூரத்துக்குத்தான், பேருந்திலிருந்து ரயிலுக்கு மாறினாலும் புதிதாக ஏறியதாகக் கணக்காவதில்லை. பெரும்பாலான மக்கள் பயணிப்பது இவற்றில்தான். காருக்குப் பெருந்தொகை கொடுப்பவரும் பேருந்துக்குச் சில்லறை கொடுப்பவரும் ஒரே கொள்கையின் இரு பக்கங்கள். சாலை நெரிசல் குறைந்த நகரத்தின் பயனைப் பேருந்துப் பயணியும் பெறுகிறார். பட்டியலோ, காருக்கான விலையை எடுத்துக்கொண்டு, போக்குவரத்துச் செலவில் மிக மோசமான நகரம் என்று தீர்ப்பு எழுதுகிறது.

சாப்பாடும் அப்படியே. மதுவுக்கும் சிகரெட்டுக்கும் வரி மிகக் கடுமை. ஆனால், பேட்டைக்குப் பேட்டை இருக்கும் உணவங்காடி நிலையங்களில் நான்கைந்து வெள்ளிக்கு ஒருவேளை வயிறாரச் சாப்பிடலாம். தெருவோரம் கடை போட்டிருந்தவர்களை 1960களின் இறுதியில் பதிவுசெய்து, குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள கூரைகளின் கீழ் படிப்படியாகக் குடியமர்த்தியதால் உருவானவை இந்த நிலையங்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் கடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கூலித் தொழிலாளியும் வங்கி அதிகாரியும் ஒரே மேசையில் உட்கார்ந்து கோப்பி குடிப்பார்கள். இந்த உணவங்காடிப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ மரபுரிமையாக அங்கீகரித்தது.

இந்த மலிவுக்கும் ஒருவர் விலை கொடுக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. விடியற்காலையில் அடுப்பு மூட்டி இரவுவரை நின்றே உழைக்கும் கடைக்காரர்தான் அவர். இத்தொழிலில் இருப்பவர்களின் இடைநிலை வயது அறுபதை ஒட்டியிருக்கிறது; பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர மறுக்கிறார்கள். சோற்றின் விலை ஏறக் கூடாது என்று ஊரே எதிர்பார்க்கும்போது, அந்தச் சுமை அவருடைய முதுகில்தான் இறங்குகிறது.

கூரையைக் கொடுத்த அரசு

1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) தொடங்கப்பட்டபோது சிங்கப்பூரின் ஏழைகள் அத்தாப்புக் கூரைக் குடிசைகளிலும் காற்று புகாத கடைவீட்டு அறைகளிலும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ ஸ்வீயில் மூண்ட தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். எரிந்த அந்த இடத்திலேயே அடுக்குமாடிகள் எழுந்தன. 1966இல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம், தனியார் நிலங்களைச் சந்தை விலைக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்ள அரசுக்கு வழிசெய்தது. 2007இல் திருத்தம் வரும்வரை நில உரிமையாளர்கள் பெரும் இழப்பைத் தாங்கினார்கள். 1968இல், தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து செலுத்தும் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டு வீடு வாங்கலாம் என்று அனுமதித்தார்கள்.

இன்று சிங்கப்பூர்வாசிகளில் ஐந்தில் நால்வர் ‘வீவக’ வீடுகளில் வாழ்கிறார்கள். உள்ளூர்க் குடும்பங்களில் பத்தில் ஒன்பது, சொந்த வீட்டில் குடியிருக்கின்றன. இதை ஒப்பிட்டுப் பார்க்க வியன்னாவைவிடப் பொருத்தமான நகரம் இல்லை. வாழ்தகுதிப் பட்டியலில் பல ஆண்டுகள் உச்சியில் நின்ற அந்நகரத்தில் ஏறக்குறைய பாதி மக்கள் நகராட்சி வீடுகளிலோ அரசு மானியம் பெற்ற வீடுகளிலோ வாழ்கிறார்கள். ஒன்று ஐரோப்பாவின் பழைய தலைநகரம், மற்றொன்று ஆசியத் துறைமுகம். ஆனாலும் குடியிருப்பைச் சந்தையின் கையில் விட்டுவிடாத அரசுகள் இரண்டிலும் இருந்தன. சாமானிய மனிதருக்கு ஒரு நகரம் வாழத் தகுந்ததாக ஆவது இந்த இடத்தில்தான்.

குடிமக்களின் கவலை

இதனால் உள்ளூர்க்காரர்களுக்குக் கவலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பொருள் சேவை வரி 2023 தொடக்கத்தில் ஏழிலிருந்து எட்டு விழுக்காடாகவும், 2024 தொடக்கத்தில் ஒன்பதாகவும் உயர்ந்தது. 2022இல் மட்டும் தனியார் வீட்டு வாடகை ஏறத்தாழ முப்பது விழுக்காடு ஏறியது. 2024இல் பத்து லட்சம் வெள்ளிக்கும் அதற்கு மேலும் கைமாறிய வீவக வீடுகள் ஆயிரத்தைத் தாண்டின. ஏழைக்கு என்று தொடங்கிய வீடு, இளம் தம்பதிக்கு எட்டாத விலைக்குப் போகிறது. 99 ஆண்டுக் குத்தகை முடிந்தால் வீடு அரசிடம் திரும்பிவிடும் என்பதால், பழைய வீடுகளில் இருக்கும் முதியவர்களுக்கு வேறொரு கவலை. 2025 மே மாதப் பொதுத்தேர்தலில் எல்லாக் கட்சிகளும் பேசிய பொருள் விலைவாசிதான். அரசு, குடும்பங்களுக்குப் பற்றுச்சீட்டுகளை (வவுச்சர்) வழங்கிச் சுமையைக் குறைக்கப் பார்க்கிறது.

நகரமே நாடாக இருப்பதில் ஒரு தனித்த நெருக்கடி உண்டு. லண்டனில் வாடகை தாங்காவிட்டால் ஆசிரியர் ஒருவர் மான்செஸ்டருக்குப் போகலாம். மும்பையில் முடியாதவர் நாசிக்குக்குப் போகலாம். சிங்கப்பூரின் பரப்பு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 60 லட்சம். அதற்கு வெளியே அடியெடுத்து வைத்தால் வேறு நாடு. வாரக் கடைசியில் பாலம் கடந்து மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போய் மளிகை வாங்கி வருவது அங்கே குடும்பங்களின் வழக்கமாகிவிட்டது. மலிவான பெட்ரோலுக்காகப் போவதைத் தடுக்க, எல்லை கடக்கும் சிங்கப்பூர் கார்களின் தொட்டியில் முக்கால் பங்கு எரிபொருள் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள்.

பட்டியல்கள் கேட்காத கேள்வியை உள்ளூர் ஆய்வாளர்கள் சிலர் கேட்டார்கள். இங் கொக் ஹோ, தியோ யூ யென் ஆகியோர் பங்கேற்ற ஆய்வுக் குழு, சாதாரண மக்களைக் குழுக்களாக உட்கார வைத்து, இந்த ஊரில் ஒருவர் மதிப்போடு வாழ என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பேச வைத்தது. சாப்பாடு, மருந்து, பேருந்துச் செலவு மட்டுமின்றி, உறவினர் வீட்டு விசேஷத்துக்கு அன்பளிப்பு, நண்பர்களுடன் கோப்பி என்று எல்லாம் அதில் வந்தன. தனியாக வாழும் 65 வயதைக் கடந்த ஒருவருக்கு மாதம் 1,379 வெள்ளி வேண்டும் என்று 2019இல் அந்த ஆய்வு கணக்கிட்டது. பெற்றோரும் இரு பள்ளிப் பிள்ளைகளும் கொண்ட குடும்பத்துக்கு 6,426 வெள்ளி என்று 2021இல் சொன்னது. இது அடிப்படைத் தேவையைவிட மக்களின் விருப்பத்தையே காட்டுகிறது என்று அரசு மறுத்தது. தொகையில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால், ஒரு நகரத்தை அளக்கும் சரியான முறை இதுதான்: அங்கே வாழ்பவரையே கேட்பது.

எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள்

அதிகாரிகளுக்கான பட்டியல்களை விட்டால், மேலே சொன்ன கணக்குகளெல்லாம் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் பற்றியவை. சிங்கப்பூரில் வேலை அனுமதிச்சீட்டில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பதினோரு லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறைகளிலும் ஆலைகளிலும் வேலை செய்கிறார்கள். ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இல்லப் பணிப்பெண்கள். அந்த ஐந்தில் நால்வரில் பலர், வங்கதேசத்தவரும் தமிழ்நாட்டுக்காரர்களும் கட்டிய வீடுகளில்தான் குடியிருக்கிறார்கள்.

இவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது. எத்தனை ஆண்டு உழைத்தாலும் இந்த அனுமதிச்சீட்டு நிரந்தரவாசத்துக்கு வழிவிடாது. சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க வேண்டுமென்றால் அரசின் அனுமதி வேண்டும். மத்திய சேமநிதி இவர்களுக்குக் கிடையாது. அந்நாட்டில் எல்லோருக்கும் பொதுவான குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் இல்லை. துப்புரவு, பாதுகாவல் போன்ற துறைகளில் உள்ளூர்த் தொழிலாளர்களுக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறையை அரசு கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு, ஆனால், அதன் குடைக்குள் வெளிநாட்டுத் தொழிலாளி வருவதில்லை. புதிதாக வரும் கட்டுமானத் தொழிலாளியின் அடிப்படைச் சம்பளம் நாளொன்றுக்கு இருபது வெள்ளியை ஒட்டியே இருந்துவருவதைத் தொழிலாளர் நல அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. ஓவர்டைம் பார்த்தால்தான் வீட்டுக்கு அனுப்பக் கையில் ஏதாவது மிஞ்சும்.

2020 ஏப்ரலில் கொரோனா, தொழிலாளர் தங்குவிடுதிகளுக்குள் புகுந்தபோது உலகம் முதன்முறையாக இவர்களைப் பார்த்தது. விடுதிகளில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததை அந்த ஆண்டு இறுதியில் அரசே அறிவித்தது. ஒரே அறையில் அடுக்குக் கட்டில்கள், பலர் பகிர்ந்த கழிப்பறை, பொதுச் சமையலறை. அங்கே நோய் பரவாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. ஊர் இயல்புக்குத் திரும்பிய பிறகும், விடுதிவாசிகள் வெளியே போவதற்கு அனுமதி கேட்க வேண்டிய நிலை 2022 ஜூன்வரை நீடித்தது. சிகிச்சை எல்லோருக்கும் கிடைத்தது, முடக்கக் காலத்தில் சம்பளமும் உணவும் உறுதிசெய்யப்பட்டன, உயிரிழப்பு மிகக் குறைவு என்பவற்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகு புதிய விதிகள் வந்தன. இனிக் கட்டப்படும் விடுதிகளில் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, ஒருவருக்கு 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும். முன்பைவிட மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால், இந்தச் சிறிய இடத்தை வைத்து வாழ்தகுதிப் பட்டியலில் மதிப்பெண் போட்டால் சிங்கப்பூர் எங்கே நிற்கும்?

லாரிப் பயணம் இன்னும் கூர்மையான சான்று. சிங்கப்பூர்ச் சாலையில் காரின் பின்னிருக்கையில் இருப்பவரும் இருக்கைப் பட்டை போட்டாக வேண்டும். சரக்கு லாரியின் பின்தளத்தில் ஆட்களை ஏற்றுவதைச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேலைக்குக் கொண்டுபோகும் தொழிலாளர்களுக்கு விலக்கு உண்டு. விபத்துகளில் தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள். உள்ளூர் மக்களே குரல் எழுப்பியிருக்கிறார்கள். நாடாளுமன்றத்திலும் பலமுறை பேசப்பட்டிருக்கிறது. முற்றாகத் தடைசெய்தால் நிறுவனங்களின் செலவு கூடும், வீடுகளும் ரயில் பாதைகளும் கட்டி முடியத் தாமதமாகும் என்பது 2023இல் அரசு தந்த விளக்கம். அரசின் அந்த வாதத்திலேயே உண்மை வெளிப்படுகிறது. குடிமகனுக்கு வீடு கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பதற்கான காரணங்களில், அதைக் கட்டுபவர் பேருந்தில் போகாமல் லாரியில் போவதும் ஒன்று. பட்டியல்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத செலவு இதுதான். இதை வெள்ளியிலோ டாலரிலோ எழுத முடியாது.

நாம் கேட்க வேண்டியவை

இதையெல்லாம் சொல்வது சிங்கப்பூரைக் குறை கூறுவதற்காக அன்று. தமிழுக்கு அரசாங்க மதிப்புக் கொடுத்த, 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ இன்றும் நாளிதழாக வெளிவரும் நாடு அது. இருண்ட பின்னும் பெண்கள் அச்சமின்றி நடக்கும் ஊர். தொழிலாளி வேலையில் காயமுற்றால் இழப்பீடு கோரச் சட்டம் உண்டு. சம்பளம் நிலுவையானால் மனிதவள அமைச்சிடம் முறையிட வழி உண்டு. வளைகுடாவின் பல நகரங்களோடு ஒப்பிட்டால் அங்கே தொழிலாளியின் நிலை மேலானது. ஆனால், தன் குடிமக்களுக்காக ஒவ்வொரு விலையையும் இவ்வளவு நுட்பமாக நிர்ணயிக்கத் தெரிந்த அரசால், தன் நகரத்தைக் கட்டுபவர்களுக்கு ஒரு குறைந்தபட்ச ஊதியத்தையும் இருக்கை உள்ள வண்டியையும் நிச்சயம் தர முடியும். முடியாது என்று அது சொல்லும்போது நம்ப முடியவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இதில் பொறுப்பு உண்டு. சிங்கப்பூரில் உள்ள வேலைவாய்ப்பு நிறுவனம் ஒரு தொழிலாளியிடம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். அந்த வரம்பு நம் ஊர் ஏஜெண்டைக் கட்டாது. நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் கட்டிய பணத்தை மீட்கவே பல மாத உழைப்பு கரைகிறது. தொழிலாளி அங்கே துணிந்து முறையிடாமல் இருப்பதற்கு இந்தக் கடனே முதல் காரணம். சண்டை போட்டால் வேலை போகும். வேலை போனால் ஊரில் கடன் நிற்கும். ஏஜெண்டுகளின் கட்டணத்தை முறைப்படுத்துவதும், போகும் முன்பே ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துக் காட்டுவதும், சம்பளப் பிடித்தங்களை விளக்குவதும் நம் அரசுகளின் வேலை.

நம் மேடைகளில் ஊரைச் சிங்கப்பூராக மாற்றுவோம் என்று முழங்காத தலைவர் அரிது. அவர்கள் காட்டும் படத்தில் கண்ணாடிக் கோபுரங்களும் மேம்பாலங்களும் இருக்கும். நகரத்தின் பெரும்பகுதிக்கு அரசே வீடு கட்டிக் கொடுத்ததும், காரைக் கட்டுப்படுத்திப் பேருந்தை வளர்த்ததும், தெருவோர வியாபாரியை விரட்டாமல் அவருக்குத் தண்ணீரும் கூரையும் கொடுத்ததும் அந்தப் படத்தில் இருப்பதில்லை. அடுத்தமுறை அந்த வாக்குறுதியைக் கேட்கும்போது, எந்தச் சிங்கப்பூர் என்று கேளுங்கள்.

பட்டியல்கள் இனியும் வரும். சிங்கப்பூர் ஏறியது, இறங்கியது என்று தலைப்புச் செய்திகளும் வரும். நிறுவனம் கொடுக்கும் படியில் வந்து தங்கும் அதிகாரிக்கு அவை பயன்படும், பயன்படட்டும். ஒரு நகரம் வாழத் தகுந்ததா என்ற தீர்ப்பை, அதில் மிகக் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்பவரின் உணவு, உறைவிடம், பயணம், குடும்பம் ஆகிய நான்கையும் பார்த்துத்தான் எழுத வேண்டும். அந்த அளவுகோலில் சிங்கப்பூர் தன் குடிமக்களுக்கு உலகின் சிறந்த நகரங்களுள் ஒன்று. தன்னைக் கட்டிய தொழிலாளர்களுக்கு இன்னும் அப்படி இல்லை. அந்தக் குறையைப் போக்கும் பணமும் திறமையும் உலகில் வேறெந்த நகரத்தையும்விட அதனிடம் அதிகமாகவே இருக்கின்றன.